சர்வோவில் குறையில்லை, அந்தச் சிவப்புப் பட்டன்தான்

மார்த்தாண்டத்து நண்பர் ஒருவர், கம்ப்யூட்டர் சொல்படி மரத்தில் பூ வெட்டும் தன் ரவுட்டர் மெஷினில், படிப்படியாக நகரும் ஸ்டெப்பர் மோட்டாரைக் கழற்றிவிட்டு ஏசி சர்வோ மோட்டார் போடலாமா என்று கேட்டார். தக்கலையில் என் பட்டறையில் அயினியிலும் தேக்கிலும் கதவுக்குப் பூவேலை செய்யும் மெஷின் சர்வோவில்தான் ஓடுகிறது.

ஓட்டம் அருமை. பலகையில் கணு வந்தால் ஸ்டெப்பர் இடம் தவறிவிடும். அது தெரியாமலே மிச்சப் பூவையும் தள்ளி வெட்டிக்கொண்டு போகும். சர்வோவில் மோட்டார் எவ்வளவு சுழன்றது என்று பார்த்துச் சொல்லும் என்கோடர் இருக்கிறது. அளவுக்கு மேல் பின்தங்கினால் மோட்டாரை ஓட்டும் டிரைவ் அலாரம் போட்டு நின்றுவிடும், பலகை பிழைக்கும்.

என் கோபமெல்லாம் அதைக் கம்ப்யூட்டரோடு இணைத்த விதத்தில்தான். மெஷின் தந்தவர்கள் எமர்ஜென்சி பட்டனின் ஒயரை, கம்ப்யூட்டரையும் டிரைவையும் இணைக்கும் யூஎஸ்பி போர்டின் இன்புட்டில் மட்டும் கொடுத்திருந்தார்கள். பட்டனை அழுத்தினால் சாஃப்ட்வேர் பார்த்து நிறுத்த வேண்டும். சாஃப்ட்வேரே உறைந்துவிட்டால்? ஒருநாள் அப்படித்தான் ஆனது. வெட்டு நடுவில் யூஎஸ்பி தொடர்பு போனது. பட்டனை அழுத்தியும் போர்டு கையிலிருந்த அசைவை முடித்துவிட்டுத்தான் நின்றது. கேட்டால், "எல்லாருக்கும் இப்படித்தான் சார் கொடுக்கிறோம்" என்றார்கள். பக்கத்தில் ஒரு பையன் கை வைத்திருந்தால் யார் பதில் சொல்வது?

அப்புறம் உள்ளூர் எலக்ட்ரீஷியன் அண்ணனை வைத்துப் பேனலையே மாற்றினோம். இப்போது பட்டனின் என்சி கான்டாக்ட் (அழுத்தாதபோது மூடியிருந்து, அழுத்தினால் திறப்பது) நேராகக் கான்டாக்டர் காயிலுக்குப் போகிறது. கான்டாக்டர் என்பது மெயின் சப்ளையை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச். அந்த ஒயர் அறுந்தாலும் மெஷின் நிற்கும். டிரைவை இயங்கவிடும் எனேபிள் சிக்னலும் மெயின் சப்ளையும் சேர்ந்தே போகும். கம்ப்யூட்டருக்குத் தகவல் மட்டும்தான். வெட்டும் தலை தானாக இறங்காமலிருக்க, அதை ஏற்றி இறக்கும் இசட் மோட்டாரை பிரேக் உள்ளதாக மாற்றினோம். யூஎஸ்பிக்குப் பதில் எத்தர்நெட் போர்டு. டிரைவின் 24 வோல்ட் அலாரம் கம்ப்யூட்டர் பக்கத்து 5 வோல்ட்டைத் தொடாதபடி நடுவே வெளிச்சத்தால் சிக்னலைக் கடத்தும் ஆப்டோகப்ளர். என்கோடர் ஒயர், வெட்டும் பிட்டைச் சுழற்றும் ஸ்பிண்டிலின் ஒயரை விட்டு விலகிப் போகிறது, அதைச் சுற்றிய ஷீல்டுக்கு எர்த் உண்டு. பேனலைத் திறப்பதானால் சப்ளையை அணைத்த பிறகும் டிரைவில் சார்ஜ் விளக்கு அணையும்வரை கை வைக்காதீர்கள், உள்ளே கப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும்.

எதிர்பாராத நிம்மதி ஐப்பசியில் வந்தது. நம்மூரில் சாயங்கால இடியோடு கரண்டு போவதும் வருவதும் தெரிந்ததே. கரண்டு திரும்பினாலும் கான்டாக்டர் தானாக ஒட்டாது. ஸ்டார்ட் பட்டனை ஆள் அழுத்தினால்தான் டிரைவுக்கு உயிர் வரும்.

இத்தனை புகழ்ந்தும் நண்பருக்கு நான் சொன்னது, இப்போது வாங்காதீர்கள் என்றுதான். முதலில் பேனல் வரைபடத்தைக் கேளுங்கள். பட்டனின் கோடு கம்ப்யூட்டருக்கு மட்டும் போனால் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம், பழைய ஸ்டெப்பரே ஓடட்டும்.