தீச்சிலம்பம் பற்றவைக்க எது சரி: தீப்பெட்டியா, அடுப்புத் துப்பாக்கியா, நீள லைட்டரா, ஆர்க் லைட்டரா?

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத் திருவிழாவுக்குத் தீச்சிலம்பம் சுற்றத் தயாராகும் குழு, பிரம்புக்கும் பந்தத் துணிக்கும் மெனக்கெடும் அளவுக்குப் பற்றவைக்கும் கருவியைப் பற்றி யோசிப்பதில்லை. யார் பையில் லைட்டர் இருக்கிறதோ, அதுதான் அன்றைய கருவி. அப்படி விடக் கூடாது. ஏனென்றால் கருவி சரியாகப் பற்றவில்லை என்றால் ஆட்கள் கருவியை மாற்றுவதில்லை, எண்ணெயை மாற்றுகிறார்கள்.

எண்ணெயிலிருந்தே தொடங்குவோம். மண்ணெண்ணெய்யின் ஆவி பொறியில் பற்ற, எண்ணெய் 38 டிகிரி செல்சியஸாவது சூடாகியிருக்க வேண்டும். 70 விழுக்காடு ஆல்கஹால் உள்ள சானிடைசருக்குச் சுமார் 17 டிகிரி போதும். பெட்ரோலோ சுழியத்துக்குக் கீழே 40 டிகிரியிலேயே பற்றும். நம் ஊரில் இரவிலும் 20 டிகிரிக்கு மேல்தான் இருக்கும், கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளலாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது; தரையோடு தவழ்ந்து போய், சில மீட்டர் தள்ளியிருக்கும் பொறியிலும் பற்றித் திரும்பி வரும். மண்ணெண்ணெய் என்றாலும், பகல் வெயிலில் காடிக்குள் கிடந்த டின் 38-ஐத் தாண்டியிருக்கும். நிழலில் வைத்து ஆறவிட்ட பிறகே திறக்க வேண்டும்.

தீப்பெட்டியைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. திடல் காற்றில் பாதிக் குச்சி வீண், பற்றிய குச்சியிலும் விரலுக்கும் பந்தத்துக்கும் இடையே நான்கு சென்டிமீட்டர்தான். தவிர்த்துவிடலாம்.

அடுப்புத் துப்பாக்கிதான் வம்பு. விசையை அழுத்தினால் உள்ளே பீசோ படிகம் அடிபட்டு, சில ஆயிரம் வோல்ட் பொறி தெறிக்கும். சுடர் வராது. கேஸ் காற்றோடு கலந்து நிற்கும் அடுப்புக்கு அது தாராளம். மண்ணெண்ணெய்யில் நனைந்த துணியைச் சூடாக்க அந்தக் கண்ணிமைப் பொறிக்குத் தெம்பு கிடையாது. பத்துத் தடவை டக் டக் என்று அடித்துப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் பெட்ரோல் ஊத்துடா, புடிச்சிக்கும்" என்று ஒரு குரல் வரும். ஊற்றினால் பிடித்துக்கொள்ளும்தான், கையையும் சேர்த்து. மண்ணெண்ணெய்யில் சிறிதளவு பெட்ரோலோ தின்னரோ கலந்தாலே அது பற்றும் சூடு சரசரவென இறங்கிவிடும்; டின்னில் இருப்பது இனி மண்ணெண்ணெய் இல்லை. இந்தத் துப்பாக்கியைச் சமையலறையிலேயே விட்டுவிட்டு வருவது நல்லது.

மிச்சம் இரண்டு. நீள மூக்கு கேஸ் லைட்டர் சில வெள்ளிக்கே ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும். கை சுடரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிற்கும், பந்தத்தின் அடிப்பக்கம் சில வினாடி காட்டினால் பற்றிக்கொள்ளும். காற்றில் அணைவதுதான் அதன் குறை. காற்றுக்கு முதுகு காட்டி நின்று மறைக்கலாம். இரண்டு அழுத்தில் வரவில்லையா, விசையை விட்டு, கசிந்த கேஸ் கலையும் வரை பொறுத்து மறுபடி அழுத்துங்கள்.

சார்ஜ் போடும் ஆர்க் லைட்டரில் சுடருக்குப் பதில் இரு முனைகளுக்கு இடையே தொடர் மின்பொறி பாயும்; அது காற்றுக்கு அசையாது. ஆனால் அந்த முனைகளுக்கு இடையே சில மில்லிமீட்டர்தான் இடைவெளி, தடித்த பந்தம் அதற்குள் நுழையாது. பந்தத் துணியைக் கம்பில் சுற்றிக் கட்டும்போதே அதில் இரண்டு சென்டிமீட்டர் நூலைக் குஞ்சம்போல் பிரித்துவிட்டால் அதில் பிடிக்கும். சொட்டும் பந்தத்தை முனைமேல் பிடித்தால் எண்ணெய் உள்ளே இறங்கும், கரி படிந்து அடுத்த முறை ஆர்க் தாவாது. விரல் பட்டால் ஊசி முனை அளவுதான் தழும்பு, ஆனால் ஆழம். அலுமினியக் கம்பு என்றால் ஆர்க் உலோகத்துக்கே தாவலாம், ஈரக் கையோடு தொடாதீர்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் உள்ளவர் இதைப் பிடிக்கவே வேண்டாம். உள்ளே லித்தியம் பேட்டரி, வெயிலில் நிற்கும் காடியில் விட்டுவைக்காதீர்கள். எங்கள் ஓட்டு நீள லைட்டருக்கு; காற்று பலமான திடலுக்கு மட்டும் ஆர்க், அதுவும் குஞ்சம் விட்டிருந்தால்.

எதை எடுத்தாலும் முறை ஒன்றே. பந்தத் துணி பருத்தி அல்லது கெவ்லார் (வெப்பம் தாங்கும் செயற்கை இழை), கட்டுவது இரும்புக் கட்டுக்கம்பியால். நைலான் கயிறும் பசையும் உருகிப் பறக்கும். வாயகன்ற, மூடியுள்ள டின்னில் தோய்த்து, சொட்டு நிற்கும் வரை அதற்குள்ளேயே உதறி, மூடியை அழுத்திவிட்டு, குறைந்தது 10 மீட்டர் நடந்த பிறகே லைட்டர் வெளியே வரலாம். உதறாத பந்தம் முதல் சுற்றிலேயே கூட்டத்தின்மேல் தீத்துளி வீசும். குழு ஜெர்சி பெரும்பாலும் பாலியெஸ்டர், உருகித் தோலில் ஒட்டும், பருத்தி உடுத்துங்கள். 18 வயது நிரம்பாதவர், இரண்டு பீர் போட்டவர், இருவருக்கும் அன்று கம்பு கிடையாது. பிழிந்த ஈரத் துண்டோடு ஒருவர் ஆட்டக்காரரை மட்டுமே பார்த்து நிற்க வேண்டும், கைப்பேசியில் படம் பிடிப்பது அவர் வேலையல்ல. தரையில் எண்ணெய் எரிந்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, பரவும். மணல் அல்லது பவுடர் தீயணைப்பான்.

சுட்டுக்கொண்டால் 20 நிமிடம் ஓடும் குழாய்த் தண்ணீர். கிச்சாப், பற்பசை, ஐஸ் எதுவும் வேண்டாம். மோதிரம், காப்பு இருந்தால் வீங்குவதற்குள் கழற்றுங்கள். முகம், கை, மூட்டு வெந்திருந்தாலோ, காயம் அடிபட்டவரின் உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தாலோ தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே 999-க்கு அழையுங்கள்.