அஞ்சு ரூபாய் சாம்பார் சாதம்

அம்பத்தூரில் லேத் பட்டறையில் தினக்கூலி எனக்கு. லீவு போட்டால் அன்றைய சம்பளம் போச்சு. பட்டறை எதிரே உள்ள மெஸ்ஸில் போன மாதம் சாப்பாடு 80லிருந்து 100 ஆனது. பொரியல் மட்டும் ஒரு கரண்டி குறைந்தது. சரி என்று அம்மா உணவகம் பக்கம் ஒதுங்கினேன்.

2013ல் சென்னையில் தொடங்கியபோது வைத்த விலைதான்: இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3. சாம்பார் சாதம் ஆவி பறக்க, நல்ல குழைவாக வருகிறது. காரம் அளவு. (ஊறுகாயை நான் வீட்டிலிருந்தே மடித்துக்கொண்டு போய்விடுவேன்.) நின்றபடிதான் சாப்பாடு, எட்டு மணி நேரம் லேத் முன்னால் நிற்கிற காலுக்கு இது பழக்கம்தான்.

இரண்டு சாம்பார் சாதம், ஒரு தயிர் சாதம், 13 ரூபாய். மிச்சம் 87ஐ அப்படியே கேஸ் சிலிண்டருக்குச் சேர்க்கிற உண்டியலில் போட்டுவிடுகிறேன்.