எம்.சி. ரோடு பொட்டிக்கடை ஐஸ் மிட்டாய், ஜில்லு ஓகே தித்திப்பு ஓவர்

வண்ணாரப்பேட்ட வெயில்ல துணி எடுக்க சுத்துறவங்க தாராளமா வாங்கலாம். வாயில போட்டதும் ஒண்ணும் தெரியாது, அப்புறம் மெதுவா ஏறி தொண்ட வரைக்கும் ஜில்லுனு இறங்குது, ஆனா புதினா வாசனயும் இல்ல மெந்தால் கசப்பும் இல்ல. இந்த மாதிரி வாசன இல்லாத ஜில்ல 1970கள்லயே கண்டுபிடிச்சி பேட்டன்ட் எடுத்தது யார் தெரியுமா, வில்கின்சன் ஸ்வோர்டு, அட ஷேவிங் பிளேடு கம்பெனிங்க! டபிள்யூஎஸ்-3, டபிள்யூஎஸ்-23னு ஜில்லு குடுக்குற கெமிக்கலுங்கள சொல்றாங்கள்ல, அந்த டபிள்யூஎஸ் அவங்க பேரு தான். வாய் நெஜமா ஒண்ணும் குளிராகாது, நரம்புல டிஆர்பிஎம்8னு குளிர் சென்சார் ஒண்ணு இருக்கு, இந்த கெமிக்கல் அத தட்டி விட்டுடும், மூளையும் நம்பிடும். 2002ல தான் அந்த சென்சார கண்டுபிடிச்சாங்க, அதுல வேல செஞ்ச டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் பட்டபூட்டியன் ரெண்டு பேருக்கும் 2021ல நோபல் குடுத்தாங்க.

சரி மிட்டாய்க்கு வருவோம். தித்திப்பு ரொம்ப ஓவர், வெயில்ல கவரோட ஒட்டிக்குது, பிரிக்கவே கடுப்பாவுது. சாப்ட்டதும் சாதா தண்ணி குடிச்சி பாருங்க, செம. டீ மட்டும் வேணாம் ப்பா, நாறிடும். அஞ்சுக்கு மூணு.