சார்சரருக்கு எந்த ஹோம்ப்ரூ விதி எடுபடும்?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதாபாத்திர விளையாட்டின் 2014 விதிப்படி, பிறவியிலேயே மந்திர சக்தி உள்ள சார்சரர் என்ற வகுப்புக்கு 5ஆம் லெவலில் தெரிந்த மந்திரங்கள் 6. படித்து மந்திரம் கற்கும் விஸார்டின் ஏட்டில் அதே லெவலில் குறைந்தது 14 இருக்கும். இதை ஈடுகட்ட ஆட்டக்காரர்கள் தாங்களாகவே சேர்த்துக்கொள்ளும் ஹோம்ப்ரூ விதிகளில் மூன்றைப் பார்க்கலாம்.

கூடுதல் மந்திரம் தருவது முதல் வழி. 2020இல் கிளாக்வொர்க் சோல் என்ற சார்சரர் உட்பிரிவுக்குத் தந்த மாதிரியே, டிராகன் வம்சம் என்ற உட்பிரிவுக்கும் 1, 3, 5, 7, 9 லெவல்களில் இரண்டிரண்டு. 5ஆம் லெவலில் 6 என்பது 12 ஆகிவிடும். பட்டியலில் ஃபயர்பால் என்ற நெருப்பு வெடிப்பு மந்திரத்தை மட்டும் சேர்க்காதீர்கள். சிவப்பு டிராகன் வம்சத்தார் அதை எப்படியும் எடுப்பார்கள். இலவசமாகக் கொடுத்தால் இன்னொரு மந்திரத்துக்கு இடம் மிச்சம், அவ்வளவுதான். கட்டளையிடும் கமாண்ட், பயமுறுத்தும் ஃபியர் போன்றவை வம்சத்தின் மிரட்டலுக்கும் பொருந்தும், சண்டைக்கு வெளியேயும் உதவும்.

மந்திரம் போடச் செலவாகும் ஸ்லாட்டுகளை ஸ்பெல் பாயிண்டாக்கி, மந்திரங்களை மாற்றியமைக்கும் மெட்டாமேஜிக்குக்குச் செலவாகும் சார்சரி பாயிண்டோடு ஒரே கணக்கில் கொட்டுவது இரண்டாவது. பார்க்க அழகான விதி, வினையும் இதில்தான். 5ஆம் லெவல் சார்சரரிடம் உள்ள நான்கு முதல் லெவல், மூன்று இரண்டாம் லெவல், இரண்டு மூன்றாம் லெவல் ஸ்லாட்டுகளை முறையே 2, 3, 5 பாயிண்ட் என்று மதித்தால் 27. வழக்கமான விதியில் அவற்றைச் சார்சரி பாயிண்டாக உடைத்தால் 4+6+6, அதாவது 16தான் தேறும். அந்த நட்டம்தான் மெட்டாமேஜிக்குக்குக் கடிவாளம். கணக்கை இணைத்ததும் அது கழன்றுவிடுகிறது: சார்சரி பாயிண்ட் 5ஐயும் சேர்த்தால் 27+5=32. ஃபயர்பால் ஆறு முறை வெடிக்கும், அல்லது ஷீல்ட் என்ற தற்காப்பு மந்திரம் 16 முறை. ஆட்டத்தை நடத்தும் டிஎம் எறியும் அடி எதுவும் லேசில் படாது. இணைத்தே ஆகவேண்டுமென்றால் அந்த 5ஐக் கூட்டாமல் 27லேயே நிறுத்துங்கள். சிறு ஓய்விலேயே ஸ்லாட் திரும்பக் கிடைக்கும் வார்லாக் வகுப்பின் கலப்பு இருந்தால் இந்த விதியே வேண்டாம்.

மூன்றாவது, ஷார்ட் ரெஸ்டில் (ஒரு மணி நேரச் சிறு ஓய்வு) லெவலில் பாதி சார்சரி பாயிண்ட் திரும்பக் கிடைப்பது. எளிது, ஆனால் வரம்பு தேவை. 5ஆம் லெவலில் ஒரு ரெஸ்டுக்கு 2 பாயிண்ட், அதாவது ஒரு முதல் லெவல் ஸ்லாட். அப்படி உண்டாக்கிய ஸ்லாட் லாங் ரெஸ்ட் (இரவு முழுத் தூக்கம் போன்ற நீண்ட ஓய்வு) வரை அழியாது என்பதால், தூங்காமல் மணிக்கொரு ரெஸ்ட் எடுப்பவர் விடிவதற்குள் எட்டு சேர்த்துவிடுவார். 2024 பதிப்பு இதை லாங் ரெஸ்டுக்கு ஒருமுறை என்று கட்டிப்போட்டது.

புது ஆட்டக்காரருக்கு முதல் வழியே போதும். ஒரே நாளில் நாலைந்து சண்டை வைக்கும் டிஎம் என்றால் மூன்றாவதையும், ஒருமுறை என்ற வரம்போடு, சேர்த்துக்கொள்ளலாம்.