பட்டியலா, வேர்ச்சொல்லா, வாக்கிய அட்டையா? உயர்நிலை ஆங்கிலச் சொற்களுக்கு எது கைகொடுக்கும்?

ஆங்கில நாவலையோ நாளிதழையோ தடங்கலில்லாமல் படிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைக்கும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) வேண்டும் என்று மொழியியலாளர் பால் நேஷன் 2006-இல் கணக்கிட்டார். அவ்வளவு தெரிந்த பிறகும் ஐம்பது சொல்லுக்கு ஒன்று புதிதாகத்தான் இருக்கும். பள்ளியில் படித்த ஆங்கிலத்திலிருந்து அந்த இடத்துக்குப் போக மூன்று வழிகள் சொல்லப்படுகின்றன: தேர்வுக்கான சொற்பட்டியலை மனப்பாடம் செய்வது, லத்தீன்–கிரேக்க வேர்களைக் கற்பது, படிப்பில் எதிர்ப்பட்ட சொல்லை அதன் வாக்கியத்தோடு அட்டையில் ஏற்றி இடைவெளி விட்டுத் திருப்பிப் பார்ப்பது.

பட்டியலின் ஒரே பலம் வேகம். ஆனால் வெளிநாட்டு மேற்படிப்புக்கு எழுதும் ஜிஆர்இ தேர்விலேயே 2011 ஆகஸ்டில் எதிர்ச்சொல், ஒப்புமை வினாக்கள் போய்விட்டன. இப்போது வாக்கியத்தின் கோடிட்ட இடத்தைத்தான் நிரப்பச் சொல்கிறார்கள். பட்டியல் சறுக்குவதும் அங்கேதான். கேருலஸ், லொக்வேஷஸ், வெர்போஸ் மூன்றுக்கும் 'அதிகம் பேசுகிற' என்று ஒரே பொருளை எழுதி உருப்போட்டவர் அலுவலக அறிக்கையைக் கேருலஸ் என்பார். அது வெட்டிப்பேச்சு பேசும் ஆளுக்கான சொல். வளவளவென்று எழுதிய அறிக்கைக்கு வெர்போஸ்தான் பொருந்தும். அகரவரிசை இன்னொரு கெடுதல். அபேட், அபெட், அப்ஜ்யூர், அப்ரகேட் என்று ஒரே நாளில் படித்தால் ஒன்றின் பொருள் இன்னொன்றின்மேல் ஏறிக்கொள்ளும். பட்டியலை விட முடியாதென்றால் கலைத்துப்போட்டுப் படியுங்கள்.

வேர்வழி நல்ல துணை. பேச்சைக் குறிக்கும் 'லொக்' தெரிந்தால் எலக்வென்ட் (நாவன்மையுள்ள), கலோக்வியல் (பேச்சுவழக்கான), சொலிலக்வி (தனிமொழி) மூன்றும் ஒரு கொத்தாக நிற்கும். முப்பது நாற்பது வேர்களுக்கு மேல் போனால் உழைப்புக்கேற்ற பலன் குறையும். வேரை வைத்து ஊகிப்பதிலும் பள்ளங்கள் உண்டு. எனர்வேட் என்றால் தெம்பூட்டுவது என்று தோன்றும். உண்மையில் தெம்பை உறிஞ்சுவது. நாய்சம் என்பதற்கும் சத்தத்துக்கும் சம்பந்தமில்லை; அது முகம் சுளிக்க வைக்கும் நாற்றம். பெடஸ்ட்ரியனில் இருப்பது லத்தீன் 'கால்'. பீடியாட்ரிக்ஸில் இருப்பது கிரேக்கக் 'குழந்தை'. ஆகவே ஒரு சொல்லை நினைவில் மாட்டிவைக்கும் கொக்கியாக மட்டும் வேரை வைத்துக்கொள்ளுங்கள். பொருளை அகராதியில் பார்த்துவிடுங்கள்.

வாக்கிய அட்டைக்குத்தான் முதலிடம் தரலாம். முன்பக்கம் நீங்கள் படித்த வாக்கியம், சொல் இருந்த இடம் காலி. பின்பக்கம் சொல், ஒலிப்பதிவு, அதோடு வழக்கமாகச் சேர்ந்து வரும் ஒரு சொல், சுருக்கமான தமிழ்ப் பொருள். ஒரு அட்டைக்கு ஒரே பொருள். இப்படி அட்டைகளைத் திருப்பிக் காட்டும் ஆன்கி செயலி நாளைக்கு 20 புதிய அட்டை என்ற அமைப்போடு வருகிறது. அதை 8 அல்லது 10 ஆகக் குறையுங்கள். பத்து புதிது என்றாலே சில வாரங்களில் தினமும் எழுபது, நூறு அட்டை திரும்பி வரும். பலர் கைவிடுவது இந்தக் குவியலைப் பார்த்துத்தான். எட்டு முறை தவறிய அட்டையைச் செயலியே அடையாளமிட்டுக் காட்டும்; அமைப்பைப் பொறுத்து நிறுத்தியும் வைக்கும். அதை அப்படியே மீண்டும் இறக்காமல் வேறு வாக்கியம் போட்டுப் புதிதாக எழுதுங்கள்.

இரவல் சொற்களில் இந்த வரிசை கொஞ்சம் மாறுகிறது. அங்கே காதுதான் முதலில். பிரெஞ்சிலிருந்து வந்தவற்றில் கடைசி மெய்யெழுத்து பெரும்பாலும் ஒலிக்காது: டெப்ரீ (debris), ரப்போர் (rapport), கூ (coup), ஃபோ பா (faux pas). ஆனால் 'கூ டு க்ராஸ்' (coup de grâce) என்பதில் கடைசி ஒலி உண்டு; விதியை நம்பி 'க்ரா' என்று நிறுத்துவது படித்தவர்களே செய்யும் பிழை. கிரேக்கச் சொற்களில் நேர்மாறு: கடைசி எழுத்தை விழுங்கக்கூடாது. ஹைபர்பலி (hyperbole), எபிடமி (epitome), சினெக்டகி (synecdoche). இவற்றின் அட்டையில் ஒலிப்பதிவு இல்லையென்றால் அட்டையே வேண்டாம்.

பூர்ஷ்வா போன்றவை இடதுசாரி எழுத்து வழியாக முன்பே தமிழுக்குள் வந்துவிட்டவை. ஒலி பழகியிருப்பதால் எழுத்துக்கூட்டலை மட்டும் கவனித்தால் போதும். தமிழிலிருந்து ஆங்கிலம் போன சொற்களில்தான் ஏமாந்துவிடுவோம். கேட்டமரான் இன்று பெரும்பாலும் இரட்டை அடிப்பகுதி கொண்ட படகு, நம் கட்டுமரம் அல்ல. மலிகட்டானி நம் மிளகுத்தண்ணீரின் பெயரை மட்டும் வைத்துக்கொண்ட வேறொரு சூப்.

இலக்கியக் கலைச்சொற்களுக்கு இந்த மூன்றையும்விடக் குறுக்குவழி ஒன்று தமிழ் மாணவருக்கு உண்டு: பள்ளி இலக்கணம். உறுப்பின் பெயர் ஆளுக்கு ஆகிவரும் 'தலைக்கு நூறு ரூபாய்' என்ற சினையாகுபெயர் தெரிந்தவருக்கு சினெக்டகி தெரியும். இடத்தின் பெயர் அங்குள்ளவர்களுக்கு ஆகிவரும் 'ஊர் சிரித்தது' என்ற இடவாகுபெயர் மெட்டானமியில் (தொடர்புடைய ஒன்றின் பெயரால் இன்னொன்றைச் சொல்வது) சேரும். 'வெள்ளை மாளிகை அறிவித்தது' அதே வகை. கதை முடிவில் சிக்கல் தீரும் கட்டத்தைக் குறிக்கும் டேனூமான் என்பதன் வேர்ப்பொருளே முடிச்சை அவிழ்ப்பது. கதையின் முடிச்சு என்று நாமும் சொல்கிறோம். ஆனால் எல்லாம் இப்படி ஒட்டாது. 'வற்றல் தின்றான்' என்ற தொழிலாகுபெயருக்கு ஆங்கிலத்தில் தனிப்பெயர் இல்லை. அனடிப்ளோசிஸ் ஒரு தொடரின் கடைசிச் சொல்லால் அடுத்ததைத் தொடங்கும் அணி. நம் அந்தாதி அதே உத்தியால் நூல் முழுதையும் கோக்கும் சிற்றிலக்கிய வகையும்கூட. எனவே இவற்றின் அட்டையில் முன்பக்கம் ஒரு தமிழ் எடுத்துக்காட்டும், பின்பக்கம் ஆங்கிலப் பெயரோடு இரண்டும் எங்கே பிரிகின்றன என்ற ஒரு வரியும் இருக்கட்டும்.