வாய்க்குள்ள ஆறாத புண் எண்டா இங்க காட்டுங்கோ (4 ஸ்டார்)

அப்பாவக் கூட்டிக்கொண்டு மூணு தரம் இந்த கிளினிக்குக்குப் போயிட்டன், அதாலதான் எழுதுறன். நாங்க திருக்கடலூர் ஆக்கள், அப்பா முப்பது வருஷம் கடலுக்குப் போனவர், ராவுல நித்திரை வரப்படாதெண்டு வெத்திலை பாக்கு புகையிலைய இடது கன்னத்துல அடக்கிக்கொண்டுதான் வலை இழுப்பார், அதே கன்னத்துலதான் வெள்ளைப்படை, நடுவில ஒரு புண். நோ இல்லையெண்டு நாலு மாசம் மறைச்சுப்போட்டார்.

"ஐயா, மூணு விரல சேத்து வாய்க்குள்ள வைங்கோ பாப்பம்" எண்டார் டொக்டர். ரெண்டுதான் போச்சு. பாக்கு அடக்கினதால கன்னத்துக்குள்ள நார் படிஞ்சு இறுகிட்டுதாம், புகையிலை இல்லாம வெறும் பாக்கும் கான்சர் தரும் எண்டு 2004லயே உலக சுகாதார நிறுவனத்திட கான்சர் பிரிவு சொல்லிட்டாம். புண்ணில துளி சதை எடுத்துப் பாக்கிற பயோப்சி சோதனைக்கு கடிதம் தந்து, காசில்லாம செய்வினம் எண்டு கவர்மெண்ட் ஆசுப்பத்திரிக்கே அனுப்பினார், அந்த மனசு பெரிசு.

ரிப்போர்ட்ல கான்சர்தான். நகமளவு புண்ணுக்கு ஏன் இவ்வளவு சதைய வெட்டோணும் எண்டு அம்மா அழுதவ. டொக்டர் மருந்துத் துண்டுக்குப் பின்பக்கம் கீறிக் காட்டினார். கான்சர் கட்டி தனிய வளராதாம், பக்கத்தில இருக்கிற நார் உண்டாக்குற கலம்(நார்க்கலம்), ரத்தக்குழாய், நோயெதிர்ப்புக் கலம் எல்லாத்தையும் தன்ட பக்கம் இழுத்துப்போடும், நார் வேலி மாதிரி நிண்டு மருந்தயும் மறிக்கும், புது ரத்தக்குழாய் கட்டிக்கு சாப்பாடு குடுக்கும். கண்ணுக்குத் தெரியாத கான்சர் கலங்களும் பக்கத்துச் சதைக்குள்ள போயிருக்கலாம், அதாலதான் சுத்திவர நல்லதாத் தெரியிற சதையும் போகோணும், வெட்டு விளிம்புக்கும் கட்டிக்கும் நடுவில 5 மில்லிமீற்றராவது சுத்தமா இருக்கோணும். ஊசி மருந்து இல்லையா எண்டு கேட்டன். எதிர்ப்புக் கலங்கள எழுப்பிவிடுற பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் ரெண்டையும் 2016ல அமெரிக்காவில அனுமதிச்சது கான்சர் திரும்பி வந்த, வேற இடத்துக்குப் பரவின ஆக்களுக்குத்தான், நார்க்கலத்தையே குறிவைக்கிற மருந்துகள் இன்னும் பரிசோதனையில, அப்பாக்கு முதல் வெட்டுத்தான் எண்டு நேராச் சொன்னார். அம்மா அந்தத் துண்ட இன்னும் சாமிப்படத்துக்குப் பின்னால வச்சிருக்கிறா.

குறையும் இருக்கு. போன் எடுக்க மாட்டினம், 14ஆம் நம்பருக்கு ரெண்டரை மணித்தியாலம், காத்தே வராத அறையில நோவோட இருக்கிற ஆக்கள் எப்பிடி இருக்கிற? ஒரு ஸ்டார் அதுக்குத்தான் குறைச்சன்.

ஒப்பரேஷன் முடிஞ்சு அஞ்சு மாசம். கஞ்சியில இருந்து குழைசோத்துக்கு வந்திட்டார். வாய் திறக்கப் பழக ஐஸ்கிறீம் தடிய அடுக்கி பல்லுக்கிடையில வைக்கச் சொன்னவர் டொக்டர், ஏழில துவங்கினது, போன கிழமை பதினொண்டு போச்சு.