கிரிட் சரியும்போது எதை நம்புவது: ரிலேயா, எஸ்பிஎஸ்ஸா, பேட்டரியா?

2012 ஜூலை 30 அதிகாலை 2.33 மணி. பீனா–குவாலியர் 400 கிலோவோல்ட் லைன் டிரிப் ஆனதை, அதாவது தானாகத் துண்டிக்கப்பட்டதைத் தொடர்ந்து வட மாநில கிரிட் (மின் கட்டமைப்பு) தனியாகப் பிரிந்தது. வெளியிலிருந்து வந்துகொண்டிருந்த சுமார் 5,800 மெகாவாட் போய்விட்டது. தேவைக்கு மின்சாரம் போதாவிட்டால் கிரிட்டின் அதிர்வெண் விழும். இப்படி ஒரு நேரத்துக்காகவே அங்கே ரிலேக்கள் எனும் தானியங்கித் துண்டிப்புக் கருவிகள் இருந்தன. அதிர்வெண் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் ஃபீடரை (ஒரு பகுதிக்கு மின்சாரம் கொண்டுபோகும் லைனை) வெட்டுபவை 4,000 மெகாவாட்டுக்கு. அது இறங்கும் வேகத்தைப் பார்த்து வெட்டுபவை 6,000 மெகாவாட்டுக்கு. கணக்கில் தாராளம்தான். ஆனாலும் கிரிட் படுத்துவிட்டது. ரிலேக்கள் மூலம் போதுமான லோடு (மின் பயன்பாடு) குறையவில்லை என்றது விசாரணைக் குழு. மறுநாள் மதியம் கிழக்கு, வடகிழக்கு கிரிட்களும் சேர்ந்து விழுந்தன.

ரிலேயின் பலம் அதன் எளிமை. மலிவு. யாரிடமிருந்தும் சிக்னல் வர வேண்டியதில்லை. சப்-ஸ்டேஷனில் உட்கார்ந்தபடி அதிர்வெண்ணை மட்டும் பார்க்கும். பழுது எங்கே நடந்தாலும் அதற்குக் கவலையில்லை. ஆனால் அதிர்வெண் விழுந்த பிறகுதான் விழிக்கும். ஏற்கெனவே மின்வெட்டில் கிடக்கும் ஃபீடரை வெட்டி என்ன பயன்?

எஸ்பிஎஸ் எனும் சிறப்புப் பாதுகாப்புத் திட்டம் அதுவரை காத்திருக்காது. ஒடிசாவின் தால்ச்சரிலிருந்து கர்நாடகாவின் கோலாருக்கு 2,000 மெகாவாட் கொண்டுவந்த நேர்மின் லைன் நல்ல உதாரணம். 2013 டிசம்பர் 31 வரை தென் மாநில கிரிட் மற்றவற்றோடு ஒத்திசைந்து இணைக்கப்படவில்லை. அதனால் அந்த லைன் போனால் அடி முழுவதும் நமக்குத்தான். லைன் டிரிப் ஆனதும் சிக்னல் பறக்கும், தமிழ்நாடு உட்படத் தென் மாநிலங்களில் முன்பே குறித்து வைத்த லோடு வெட்டப்படும். வேகத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் யோசித்து வைத்த பழுதுக்கு மட்டும்தான் இது உதவும். புது லைன் வந்தால் கணக்கையும் மாற்றி எழுத வேண்டும்.

அப்புறம் பேட்டரி. 2016 செப்டம்பர் 28 அன்று தெற்கு ஆஸ்திரேலியாவில் அதிர்வெண் சரிந்த வேகத்துக்கு ரிலேக்களால் ஈடுகொடுக்க முடியவில்லை, மாநிலமே இருண்டது. அடுத்த ஆண்டே அம்மாநிலத்தின் ஹார்ன்ஸ்டேலில் 100 மெகாவாட் பேட்டரி வந்தது. 2018 ஆகஸ்ட் 25 அன்று மின்னலால் மாநிலங்களுக்கு இடையிலான இணைப்புகள் அறுந்தன. நியூ சவுத் வேல்ஸிலும் விக்டோரியாவிலும் லோடு வெட்டப்பட்டது. தெற்கு ஆஸ்திரேலியாவில் அதற்குத் தேவை வரவில்லை. பேட்டரி முதலில் மின்சாரம் கொடுத்தது. மாநிலம் தனியாகப் பிரிந்து அதிர்வெண் ஏறியதும் அதுவே உறிஞ்சிக்கொண்டது. ரிலேயால் இந்த இரண்டாவது வேலையைச் செய்யவே முடியாது. ஆனால் முழு வேகத்தில் கொடுத்திருந்தால் அன்று அதில் இருந்த 129 மெகாவாட்-மணி கொள்ளளவு ஒன்றரை மணி நேரம்கூடத் தாங்கியிருக்காது.

என் ஓட்டு? காசு குறைவென்றால் முதலில் ரிலேக்களைச் சோதித்துச் சரிசெய்வதற்கே. பேட்டரி அதற்குப் பிறகுதான். ரிலேயிலும் ஒரு புதுச் சிக்கல் இருக்கிறது: கூரை சோலார் பெருகிய ஃபீடர் நடுப்பகலில் கிரிட்டுக்கே மின்சாரம் அனுப்பும். அதை வெட்டினால் லோடு குறையாது, உற்பத்திதான் போகும். அதனால்தான் தெற்கு ஆஸ்திரேலியாவில் மின்சாரம் எதிர்த்திசையில் ஓடும்போது ரிலே தானாகவே ஒதுங்கிக்கொள்ளும்படி மாற்றி அமைக்கிறார்கள்.